சிவக்காத மூன்றாம் பாடம்

"வணக்கம் தன்ஷிகா. இன்று உங்களுக்கு என்ன தெரியாது?"

ஏணி பாடப்பட்டறையின் வாசல் கதவு தினமும் காலை ஒன்பது மணிக்கு இதைக் கேட்கும். மற்ற ஊழியர்களிடம் விரல் ரேகையோடு விட்டுவிடும். தன்ஷிகாவிடம் மட்டும் பதில் வாங்காமல் திறக்காது. "இமைமொழி தெரியாது" என்றாள் அவள். முந்தைய நாள்வரை இந்தப் பதிலுக்குப் பட்டென்று திறந்த கதவு இன்று கொஞ்சம் தயங்கியது. குரலில் உண்மை குறைந்திருக்க வேண்டும். பிறகு, போனால் போகிறது என்று திறந்துவிட்டது.

தன்ஷிகா என்ற பெயரைக் கேட்டதுமே வயது நாற்பதைத் தாண்டியவள் என்று சொல்லிவிடலாம். அந்தத் தலைமுறையில் தெருவுக்கு நாலு தன்ஷிகா உண்டு. ஆனால் அரசு உரிமம் பெற்ற புதுக்கண் என்று பார்த்தால் கோயம்புத்தூர் முழுவதும் தேடினாலும் முப்பது பேர் தேறமாட்டார்கள். தெரியாது என்று சொல்வதற்குச் சம்பளமா என்று அவளுடைய நாத்தனார் இன்றுவரை வாயைப் பிளப்பாள். உட்கார்ந்து பார்த்தால் தெரியும் அவளுக்கு. காலையிலிருந்து சாயங்காலம்வரை திருதிருவென்று விழிப்பது லேசான வேலையில்லை.

இருபது வருடங்களுக்கு முன்னால் இணையப் பாடங்கள் மழைக்காலக் காளான்போல முளைத்தன. இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஒரு பாடம் எழுதியது. படங்கள் ஆடின, பொத்தான்கள் மின்னின, முடித்தவருக்குச் சான்றிதழும் வந்தது. அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு கம்பத்தில் ஏறியவர், எந்தக் கம்பியைத் தொடக் கூடாதோ அதையே தொட்டார். இப்படிப் பல இடங்களில் நடந்த பிறகுதான் கோளாறு விளங்கியது. எழுதியவர்களுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. தெரியாதவருக்கு எங்கே கால் இடறும் என்பது மட்டும் தெரிந்தவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் சட்டம் வந்தது. எந்தப் பாடத்தையும் ஐந்து பேர் ஒரே பலகையில் கூடித்தான் செய்ய வேண்டும். ஐவரில் ஒருவர் அந்த விஷயத்தில் அட்சரம் தெரியாதவராக இருக்க வேண்டும். அவருக்குப் பெயர் புதுக்கண். அவர் பார்த்து விளங்கிய பாடத்துக்குத்தான் முத்திரை.

ஏணியின் கூட்டுப்பலகை ஒரு சுவர் முழுக்க இருந்தது. ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு நிறத்தில் ஒரு கை. குழுவை நடத்தும் ஷமீமாவுக்கு நீலக் கை. பாடத்தின் சரக்கு யாருடையதோ அந்தப் பேச்சு மருத்துவர் ஆரோக்கியசாமிக்குக் கறுப்பு. படம் போடும் தருணுக்கு ஆரஞ்சு. கேள்விகள் எழுதும் பெண் பொள்ளாச்சியிலிருந்து ஊதாக் கையாக மட்டும் வருவாள், அவளை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆரோக்கியசாமி மூன்று பத்தி எழுதுவார். ஷமீமா அதை மூன்று சொல்லாகச் சுருக்குவாள். தருண் அந்த மூன்றையும் நகர்த்திவிட்டு ஆடுகிற கண் ஒன்றை வைப்பான். உடனே மூன்று பத்தி திரும்பி வரும். இந்த இழுபறியில் தன்ஷிகாவின் மஞ்சள் கைக்கு வேலை குறைவு. அவள் நெற்றியில் ஒரு பட்டை கட்டியிருக்கும். அவள் படிக்கும்போது மனம் எங்கே குழம்புகிறதோ, பலகையில் அந்த இடம் சிவக்கும். விளங்கினால் பச்சை. சிவந்த இடத்தை மற்ற நால்வரும் திருத்துவார்கள்.

எல்லாம் பச்சையானதும் கழுவல். பாடம் சம்பந்தமாகப் புதுக்கண்ணுக்குள் இறங்கியதையெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மருத்துவமனையில் வைத்து நீக்கிவிடுவார்கள். அந்த வாரங்களில் எழுதிய குறிப்புகளையும் வாங்கிக்கொள்வார்கள். மறுபடி தெரியாதவளாக ஆனால்தான் அடுத்த பாடத்துக்கு உட்கார முடியும். தன்ஷிகா பதினோரு வருடங்களில் தேனீ வளர்ப்பையும் மின்தூக்கி பழுதுபார்ப்பையும் இன்னும் என்னென்னவோவையும் கற்று முடித்தவள் என்று அவளுடைய கோப்பு சொல்லியது. அவளைக் கேட்டால் ஒன்றும் தெரியாது. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதுமில்லை.

இந்தப் பாடத்துக்குத்தான் வருத்தம். எட்டு மாதங்களுக்கு முன்னால் அவளுடைய கணவன் முகிலுக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. கண்ணிமையைத் தவிர எதுவும் அசையாது. பூ மார்க்கெட்டில் ஏலம் கூவியவன், எட்டுக் கடைக்குக் கேட்கும் குரல். வீட்டிலும் வாய் ஓயாது. விழுந்த அன்று காலையில்கூட அவளுக்குத் தலைவலி என்று தெரிந்தும் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தான். "ஒரு நாளாச்சும் வாயை மூடிட்டு இருக்க மாட்டீங்களா மாமா" என்று கத்திவிட்டு வேலைக்குப் போனாள். அவன் அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. அவன் விழுவதற்கு முன்னால் அவள் கடைசியாகச் சொன்னதும் அதுதான், அவன் கடைசியாகக் கேட்டதும் அதுதான்.

பேச முடியாதவருக்காக இயந்திரம் பேசக் கூடாது என்பது இன்னொரு சட்டம். இயந்திரங்கள் பாதிச் சொல்லிலேயே மீதியை ஊகித்து, நோயாளிகள் சொல்லாததையெல்லாம் சொன்னதாக எழுதியதில் விவகாரம் உயில்வரைக்கும் போய்விட்டது. அதனால் இமைகளை மனிதர்தான் படிக்க வேண்டும். அதைக் கற்றுத்தர ஏணியில் ஒரு பாடம் தொடங்குகிறார்கள் என்று தெரிந்ததும் தன்ஷிகா கெஞ்சி வாங்கினாள். கழுவல் உண்டுதான். ஆனால் முத்திரை கிடைத்துவிட்டால் எல்லோரையும்போல அவளும் அதைக் கற்றுக்கொண்டு நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். பயிற்சி வாரங்களில் முகிலோடு சின்னச் சின்னதாகப் பேசத் தொடங்கியிருந்தாள். தண்ணீர், ஜன்னல், முதுகு என்ற அளவில். மன்னிப்பை மட்டும் இன்னும் கேட்கவில்லை. நாள் நெருங்கிவிட்டது, வியாழன் விட்டு வெள்ளி கழுவல். இன்று சாயங்காலம் கேட்டே தீர்வது என்று நினைத்துக்கொண்டுதான் நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டாள்.

கடைசிச் சோதனை ஆரம்பித்தது. முதல் பாடம் எழுத்து அட்டவணை. உதவுபவர் வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும், சரியான வரிசை வந்ததும் நோயாளி இமைப்பார், பிறகு அந்த வரிசையில் எழுத்து. இரண்டாம் பாடம் சொல் சேர்ப்பது. மூன்றாவதுதான் கண்டம். மனிதன் சும்மாவே நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை இமைக்கிறான். அதில் எது வெறும் இமைப்பு, எது சொல்? ஆரோக்கியசாமி இதற்கு நொடிக் கணக்கெல்லாம் போட்டு நாற்பது திரை எழுதியிருந்தார். திரையில் தெரிந்த பொம்மை முகம் இமைத்தது. தன்ஷிகா பார்த்துக்கொண்டே போனாள். பலகை கடைசிவரை பச்சையாகவே இருந்தது.

"சிவக்கலையே" என்றாள் ஷமீமா. அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

"அதுக்குத்தான இத்தனை பாடு?" ஆரோக்கியசாமி கையைத் தட்டினார். "அசத்திட்ட அம்மணி. பாஸு!"

"மூணு தடவையும் இதையேதான் சொன்னோம் சார். வீடுகள்ல சோதனைக்குக் கொண்டுபோய்க் குடுத்தா நூத்துக்கு அறுபது பேர் மூணாம் பாடத்துல மூடி வெச்சுட்டுப் போறாங்க."

தருண் தொண்டையைக் கனைத்தான். ஷமீமா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எந்த மூணு தடவை?" என்றாள் தன்ஷிகா. "இது மொதப் பதிப்புத்தானுங்களே?"

தன்ஷிகா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். விழிப்பதற்கென்றே படித்தவள்தான், ஆனால் இப்படி விழித்ததில்லை. நெற்றிப்பட்டை இன்னும் கழற்றப்படாததால் பலகை மேலிருந்து கீழ்வரை செக்கச்செவேலென்று ஆனது.

"சொல்லக் கூடாதுங்கறது சட்டம்க்கா" என்றாள் ஷமீமா. "திருத்தின பதிப்பை அதே கண்ணுதான் பாக்கணும், அப்பத்தான் ஒப்பிட முடியும்னு விதி. பழசு இருக்குன்னு தெரிஞ்சா அது புதுக்கண்ணே இல்லைன்னு ஆயிரும்." சிவந்த பலகையைப் பார்த்தாள். "இனி மறைச்சு என்ன பண்ண?" நீலக் கை பலகையின் மூலைக்குப் போய்ப் பழைய பதிப்புகளைத் திறந்தது.

முதல் பதிப்பு, மூன்றாம் பாடம், இருபத்தைந்தாம் நாள். பச்சை. ஓரத்தில் மஞ்சள் கை ஒரு குறிப்பு ஒட்டியிருந்தது. 'புரிகிறது. ஆனால் இதைப் பாடத்தில் எங்கே படித்தேன் என்று தெரியவில்லை.' இரண்டாம் பதிப்பு, பதினாறாம் நாள். 'புரிகிறது. எப்படி என்று தெரியவில்லை.' மூன்றாவதில் பன்னிரண்டாம் நாளே அதே குறிப்பு. அவளுடைய சொற்கள், அவளுடைய கை. எழுதிய ஞாபகம் துளியும் இல்லை.

"இதை நீங்க யாரும் பாக்கலியா?"

"செவப்பைத்தான அம்மணி பாப்போம்" என்றார் ஆரோக்கியசாமி. "பச்சைல ஒட்டியிருக்கறதை எவன் படிக்கறான்?" சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் செவிலி கிளம்பியதும் தன்ஷிகா கட்டிலின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் எழுத்து அட்டவணை. முகில் அவளைப் பார்த்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கோணும்."

அவள் வரிசைகளைச் சொன்னாள். அவன் இமைத்தான். எழுத்தெழுத்தாக வந்தது. 'தெரியும்.'

"என்ன தெரியும்?"

'வாய மூடு.'

இந்த எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாத சொல் அது. "மாமா, அன்னிக்கு நான் அதை வேணும்னு..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் அழுதாள். அவன் பொறுமையாகக் காத்திருந்தான். பொறுமையைத் தவிர அவனிடம் வேறென்ன இருந்தது. அழுகை ஓய்ந்ததும் அவள் திரும்ப வரிசைகளைச் சொன்னாள்.

'மூணு தடவ கேட்டுட்ட.'

"நானா? நீங்க என்ன சொன்னீங்க?"

'மன்னிச்சாச்சு. மூணு தடவையும்.' பிறகு, இன்னும் மெதுவாக: 'ஏலத்துல மூணு தரம் சொன்னா முடிஞ்சுது. உனக்குத்தான் முடியல.'

அழுதுகொண்டே சிரித்தாள். சிரிப்பு நின்றபோதுதான் விஷயம் முழுக்க உறைத்தது. அவள் சொன்ன கடுஞ்சொல் எட்டு மாதப் பழசு, எந்தக் கழுவலும் அதைத் தொடவில்லை. அவன் மன்னித்தது மட்டும் பாட வாரங்களுக்குள் நடந்தது. குற்றத்தை விட்டுவிட்டு மன்னிப்பை மட்டும் மூன்று முறை துடைத்தெடுத்திருக்கிறார்கள். அதுவும் அவள் கையெழுத்தோடு.

"இந்தத் தடவை ஏன் மாமா முன்னாடியே சொல்லலை?"

'நீயே கேக்கட்டும்னு.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். "பாடத்துல இல்லாதது எனக்கு எப்பிடிப் புரியுது?"

முகில் இமைகளை மூடினான். ஒன்று, இரண்டு எண்ணும் நேரம். பிறகு திறந்து எழுத்துகளைத் தொடங்கினான். அடுத்த சொல்லுக்கு முன்னும் அப்படியே மூடினான். அவள் இப்போதுதான் அதைக் கவனித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அந்த நிறுத்தம் இருந்தது, எப்போதும் இருந்தது. அதற்குப் பிறகு வருவது சொல், மற்றதெல்லாம் வெறும் இமைப்பு. நாற்பது திரை தேவையில்லை. திரையிலிருந்த பொம்மை முகத்தில்கூட அவள் கண் தானாக அந்த நிறுத்தத்தைத்தான் தேடியிருக்கிறது.

"உங்களுக்கு யாரு இதைச் சொல்லிக் குடுத்தா?"

'யாருமில்ல. நீ முழிச்ச. நான் மாத்துனேன்.'

முதல் முறை அவளுக்குப் புரிய இருபத்தைந்து நாள் ஆனது. நான்காவது முறை ஒன்பதே நாள். பாடம் தேறிவிட்டது என்று ஏணியில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, தேறியது கட்டிலில் கிடந்த வாத்தியார். அவளுடைய முகம் எங்கே சுருங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத் தன் இமைகளைத் திருத்திக்கொண்டவன் அவன். மற்ற வீடுகளில் கிடப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவர்கள் இமைக்கிறார்கள், வீட்டார் விழிக்கிறார்கள், மூன்றாம் பாடத்தோடு மூடிவைக்கிறார்கள். தன்ஷிகா அப்போதே ஷமீமாவைக் கூப்பிட்டாள்.

"ஷமீமா, நாம பாடத்தை ஒருத்தருக்குத்தான் எழுதியிருக்கோம். பேசறதுக்கு ரெண்டு பேர் வேணுமில்ல?"

"படுத்திருக்கறவங்களை நாம ஆளாவே கணக்குல எடுக்கலைக்கா" என்றாள் ஷமீமா மறுமுனையில்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே, பொள்ளாச்சிப் பெண்ணைத் தவிர, குழு முழுவதும் கணபதிப் பகுதியிலிருந்த தன்ஷிகாவின் சின்ன வீட்டில் வந்து அடைந்துகொண்டது. பலகையை ஒளியாகச் சுவரில் விழச் செய்தார்கள். ஆறாவது கை ஒன்று பச்சை நிறத்தில் முளைத்தது. முகில் இமைக்க, தன்ஷிகா படித்துச் சொல்ல, ஷமீமா அந்தக் கையால் எழுதினாள். கழுவலைத் தள்ளிப்போடச் சட்டத்தில் இடமில்லை. இருந்தது ஒரே பகல்.

கட்டிலில் கிடப்பவருக்கான பாடம் அது. காதால் கேட்கிற பாடம். ஆரோக்கியசாமி வழக்கம்போல ஒரு பத்தி முன்னுரை எழுத, பச்சைக் கை அதை அடித்தது.

"ஏன் அடிச்சாருன்னு கேளம்மணி" என்றார் மருத்துவர் கொஞ்சம் சூடாக.

தன்ஷிகா கேட்டுப் படித்தாள். "'படுத்துட்டு இதைக் கேட்டா எனக்குத் தூக்கம் வரும்'ங்கறாருங்க."

தருண் வெடித்துச் சிரித்தான். ஆரோக்கியசாமியும் சிரித்துவிட்டுத் தன் கறுப்புக் கையை மடியில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு பாடம் முகிலின் போக்கிலேயே போனது. 'உன் எதிரே உட்கார்ந்திருக்கிறவர் பயந்துபோயிருக்கிறார். நீ அவசரப்படாதே. சொல்லுக்கு முன்னால் கண்ணை மூடு, இரண்டு எண்ணு. அவர் தப்பாகச் சொன்னால் கோபப்படாதே, திரும்ப ஆரம்பி.' ஒவ்வொரு வரிக்கும் பத்து நிமிடம் ஆனது. மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான்கு மணி வாக்கில் ஷமீமா தன்ஷிகாவை முந்திக்கொண்டு ஓரிரு சொற்களைத் தானே படித்துவிட்டாள். படித்துவிட்டுத் தானே பயந்துபோனாள்.

எல்லோரும் போனபிறகு தன்ஷிகா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு நான் போகமாட்டேன் மாமா. லைசென்ஸ் போனாப் போகுது."

அவன் நிறுத்தி, மூடி, திறந்தான். 'போகலன்னா பாடம் நிக்கும்.'

அது உண்மைதான். கழுவலுக்கு வராத புதுக்கண் தொட்ட பாடம் எதற்கும் முத்திரை கிடையாது. பழைய பதிப்புகள் இருப்பது தன்ஷிகாவுக்குத் தெரிந்துவிட்டதால் ஐந்தாம் பதிப்பு இனி மதுரையில் வேறொரு புதுக்கண்ணிடம் போகும், தன்ஷிகா கழுவலுக்குக் கையெழுத்திடாமல் அதுவும் போகாது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் இமைத்துக்கொண்டே கிடப்பார்கள். அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததால் இன்னும் ஆத்திரமாக வந்தது.

"நீங்க மன்னிச்சது மறுபடி போயிருமே மாமா."

'எங்கிட்ட இருக்கில்ல.'

வெள்ளிக்கிழமை மதியம் ஷமீமா அவளை மருத்துவமனையிலிருந்து வண்டியில் கூட்டிவந்தாள். கழுவலுக்குப் பிறகு எப்போதும்போல தன்ஷிகாவுக்கு உலகம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. இரண்டு மூன்று வாரம் எங்கோ நழுவிப்போயிருந்தது, அது பழக்கம்தான். பழகாதது ஷமீமாவின் முகம். இந்தப் பெண் ஏன் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வருகிறாள்? வீட்டுக்குள்வரை ஏன் வருகிறாள்? சுவரில் யார் இப்படி எழுத்துகளை ஒட்டிவைத்தது?

முகில் கட்டிலில் இருந்தான். அவனைப் பார்த்ததும் தன்ஷிகாவின் மனதில் அந்தக் காலை வந்து உட்கார்ந்தது, எட்டு மாதமாக வருவதுபோலவே. ஒரு நாளாச்சும் வாயை மூடிட்டு இருக்க மாட்டீங்களா. இவரோடு பேச ஒரு வழி கிடைத்தால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்தபடியே கண்களை மூடினான், சற்று நேரம் மூடியே இருந்தான்.

"தூக்கம் வருதாட்ட இருக்குது" என்றாள். "ஜன்னலைச் சாத்தறேன்."

"இருங்கக்கா." ஷமீமா சுவரருகே போய் நின்றாள். அட்டவணையில் விரலை வைத்து வரிசைகளைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். நடுவில் தப்பியது, முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி தப்பியது. முகில் ஒவ்வொரு முறையும் கண்களை மூடி, இரண்டு எண்ணும் நேரம் இருந்து, திறந்தான். தன்ஷிகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர்கள் இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒருவழியாக ஷமீமா திரும்பினாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"'மன்னிச்சாச்சு'ங்கறாருக்கா."

தன்ஷிகா ஜன்னல் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே?" என்றாள்.